நம்பிக்கைத் தூதர் பெனினா

மையத்திலிருந்து முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு ஆள் வந்தபோது பெனினா பாடகர் குழுவின் வெள்ளைச் சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். தொற்றுநோயால் ஆக்லாந்தில் விமானங்கள் நின்றுபோயிருந்த காலம் அது. விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் அழுக்காவதற்கு ஒரு வழியும் இல்லை. இருந்தாலும் தினமும் கழுவினேன்.

வந்தவள் பெயர் ப்ரூக். மாநகரப் பரிசோதனை ஒருங்கிணைப்பு மையத்தின் மக்கள் இணைப்புத் துணைத் தலைவர். முகக்கவசத்தோடு, இரண்டு மீட்டர் தள்ளி, ஈரச் சட்டைகளுக்கு நடுவே நின்றபடி, எங்கள் சமோவா மொழியில் வணக்கம் சொல்லிவிட்டுப் பேசினாள்.

"தலோஃபா, பெனினா. எங்ககிட்ட குச்சி இருக்கு, குழாய் இருக்கு, எந்திரம் இருக்கு. ஒருங்கிணைக்கறதுக்கு அறுபது பேர் இருக்கோம், ஒரு மாடி முழுக்க. இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான். நம்பிக்கை. உங்க மாங்கெரே பகுதியில அது யார்கிட்ட இருக்குன்னு ஆறு வாரம் ஆய்வு பண்ணினோம். உங்ககிட்ட இருக்காம்."

"என்கிட்டயா?" என்று பெனினா கையிலிருந்த துணிக்கவ்வியைப் பார்த்தாள், அதில் இருக்கிறதோ என்பதுபோல.

"ஆமா. அதைக் கொஞ்ச நாளைக்கு எங்களுக்குக் கொடுத்தீங்கன்னா போதும்."

பெனினா என் மனைவி. காலையும் மாலையும் பள்ளிக்கூட வாசலில் வட்டப் பலகையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பாள். வியாழன்தோறும், சமோவாத் தீவுக்காரர்களான எங்கள் தேவாலயச் சபையின் பாடகர் குழுவை நடத்துவாள். இரண்டு இடத்திலும் அவள் கையைத் தூக்கினால் எல்லோரும் நிற்பார்கள், இறக்கினால்தான் நகர்வார்கள். மையம் ஆறு வாரம் ஆராய்ந்து கண்டுபிடித்தது இதைத்தான்.

அவளுக்கு 'நம்பிக்கைத் தூதர்' என்று பட்டம் கொடுத்தார்கள். ஊதா நிறத்தில் ஒரு கையில்லாச் சட்டை கொடுத்தார்கள். நம்பகமாக இருப்பது எப்படி என்று கணினியில் மூன்று மணி நேரப் பயிற்சியும் கொடுத்தார்கள். கடைசியில் தேர்வு. 'உங்கள் மக்கள் உங்களை நம்புவதற்கு முதன்மையான காரணம்: அ. மையத்தின் வழிகாட்டுதல். ஆ. மையத்தின் அடையாள அட்டை. இ. மேற்கண்ட இரண்டும்.'

பெனினா பத்து நிமிடம் யோசித்தாள். "லெவி, அவங்க வீட்டுச் சாவுக்கெல்லாம் நான் போயிருக்கேனே, அது இதுல எதுல வரும்?"

"இ போடு," என்றேன்.

தேறிவிட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை படப்பிடிப்பு. அவள் மூக்கில் குச்சியை நான்கு முறை விட்டார்கள். முதல் மூன்று முறையும் வெளிச்சம் சரியில்லையாம். பக்கத்தில் சும்மா நின்ற எனக்கும் ஒன்று எடுத்தார்கள். பிறகு அவளைச் சின்ன அறை ஒன்றில் உட்கார வைத்து, சமோவா மொழியிலும் ஆங்கிலத்திலும் சில வாக்கியங்களைப் படிக்கச் சொல்லிக் குரலைப் பதிவு செய்தார்கள். ஐந்தே மணி நேரத்தில் எங்கள் இருவருக்கும் முடிவு வந்துவிட்டது. நோய் இல்லை. பெனினா கைப்பேசியை என்னிடம் நீட்டி, "பாத்தியா, இவங்க சும்மா சொல்லல," என்றாள். தூதர்களின் மாதிரிகள் தனிப் பெட்டியில், தனி வண்டியில், தனி எந்திரத்துக்குப் போகும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

சனிக்கிழமை சபையின் கார் நிறுத்தத்தில் முகாம் வைப்பதாக முடிவானது. விதி எளிமையானது. சோதனை கொடுத்தவர் முடிவு வரும்வரை வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் முடிவு வந்துவிடும். பெனினா வீடு வீடாக, வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஃபெரெட்டி மட்டும்தான் மறுத்தான். குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு உடம்பு. குழுவில் கீழ்க்குரல் பாடுபவன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் வெளுக்கும் இடத்தில் வேலை. மூன்று தெரு தள்ளித் தங்கை தெரேசியா வீட்டில் அவன் அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்தார். தினமும் வேலை முடிந்ததும் நேரே அங்கே போவான். முதுகைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, கோக்கோவைக் கரண்டியால் ஊட்டிவிட்டுத்தான் வீடு திரும்புவான்.

"அக்கா, எனக்கு ஒரு தும்மல்கூட இல்ல. குடுத்துட்டா வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடக்கணும். குடுக்கலேன்னா என்னை யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. இது என்ன நியாயம்?"

"ரெண்டே நாள்டா. உங்கம்மாவைத் தொட்டுத் தூக்கறவன் நீ. உனக்கே தெரியாம உனக்கு இருந்துச்சுன்னா?"

அவன் மண்டையைச் சொறிந்தான். "நாப்பத்தெட்டு மணி நேரம்னு அவங்க சொல்றாங்களா, நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்."

"அப்ப சரி," என்றான் ஃபெரெட்டி.

சனிக்கிழமை அறுநூற்றுப் பதினோரு பேர் வந்தார்கள். இலக்கு ஐந்நூறுதான். காலை ஆறு மணிக்கே கார் வரிசை பெட்ரோல் நிலையம் வரை போய்விட்டது. குழுவினர் காருக்குள்ளிருந்தபடியே கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாடினார்கள். ப்ரூக் ஒவ்வொரு காருக்கும் ஒரு ஊதா பலூன் கட்டிவிட்டாள். ஃபெரெட்டி கண்ணை மூடிக்கொண்டு மூக்கைக் காட்டினான். அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி செமிசி மட்டும் குச்சியின் நீளத்தைப் பார்த்ததும், ஓடிக்கொண்டிருந்த காரை வரிசையிலேயே விட்டுவிட்டு வேலி தாண்டி ஓடிப்போனான். அந்தக் காரை நான்தான் ஓரம்கட்டினேன்.

மாலையில் ப்ரூக் பெனினாவின் கைகளைப் பிடிக்க வந்து, இரண்டு மீட்டர் நினைவு வந்து நின்றாள். "இலக்குல நூத்தி இருபத்திரண்டு சதவீதம்! எப்படிப் பண்ணினீங்க?"

"கேட்டேன், வந்தாங்க," என்றாள் பெனினா.

திங்கட்கிழமை நாற்பத்தெட்டு மணி நேரம் முடிந்தது. ஒருவருக்கும் முடிவு வரவில்லை.

எங்கள் வீட்டுத் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. பெனினா எல்லோருக்கும், "இன்னைக்குச் சாயங்காலம் பாருங்க," என்றாள். சாயங்காலம், "காலையில பாருங்க," என்றாள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஃபெரெட்டியின் அம்மா இறந்துபோனார். தெரேசியா சன்னலைத் திறந்து வைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறாள். அம்மாவின் காதில் கைப்பேசியை வைத்திருக்கிறாள். மூன்று தெரு தள்ளி, தன் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு அவன் பேசியிருக்கிறான். அம்மா கேட்டாரா என்று தெரேசியாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெனினா மையத்தின் உதவி எண்ணை அழைத்தாள். வரிசையில் இருநூற்று நாற்பதாவது இடம். ஒரு நிமிடம் இசை. பிறகு ஒரு குரல் வந்தது. "தலோஃபா. நான் பெனினா. உங்க முடிவு வந்துக்கிட்டிருக்கு. நம்பிக்கையோட காத்திருங்க."

கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து அதைப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அவளுக்கு அவளே ஆறுதல் சொன்னாள். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு பெண் எடுத்தாள்.

"முடிவு தாமதமாகலைங்க," என்றாள் அந்தப் பெண், மிகப் பரிவாக. "தாமதம்ங்கறது, வந்த பிறகுதான் கணக்கிட முடியும். உங்களுடையது இன்னும் வரவே இல்லையே."

அடக்கத்துக்குச் சனிக்கிழமை பதினோரு மணி கிடைத்தது. பத்துப் பேருக்கு மட்டும் அனுமதி. கல்லறைத் தோட்டத்தில் அந்த நாட்களில் கிடைத்த நேரம்தான் நேரம். வேண்டாம் என்றால் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஃபெரெட்டி வெளியே வர முடியாது. காலையில் ஒரு காவலர், மாலையில் ஒரு காவலர் என்று அவன் வீட்டுக் கதவைத் தட்டி, அவன் உள்ளே இருக்கிறானா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். முடிவு அனுப்ப முடியாத மையம், ஆள் அனுப்புவதில் ஒருநாளும் தவறவில்லை.

வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் நேரே மையத்துக்கே போனோம். ஊதாச் சட்டையைப் பார்த்ததும் வாசலில் வழிவிட்டார்கள். பன்னிரண்டாவது மாடி. சுவர் முழுக்க ஒரு பெரிய திரை. அதில் மாங்கெரே என்ற பெயருக்கு நேராகப் பச்சை எழுத்தில் 'கையாளப்பட்டவை: 100%' என்று இருந்தது. நடு மேசையில் மூக்குக் குச்சியின் வடிவத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு கேக். ஐந்து லட்சமாவது மாதிரிக்கான கொண்டாட்டமாம். இயக்குநர் மெல்ரோஸ் பேசிக்கொண்டிருந்தார்.

"நண்பர்களே! போன வருஷம் இந்த நகரத்துல ஒரு நாளைக்கு அஞ்சாயிரம் மாதிரி எடுத்தோம், அஞ்சாயிரம் முடிவு கொடுத்தோம். இன்னைக்கு இருபதாயிரம் எடுக்கறோம். நாலு மடங்கு! கொடுக்கற முடிவு? இன்னமும் அதே அஞ்சாயிரம். இவ்வளவு நெருக்கடியிலயும் அந்த எண்ணிக்கை அசையவே இல்ல. இந்த உறுதியை வேற எந்த நகரம் காட்டியிருக்கு?"

கைதட்டினார்கள்.

"மீதி பதினஞ்சாயிரம் எங்கேன்னு சிலர் கேக்கறாங்க. பத்திரமா இருக்கு. குளிர்ல இருக்கு. ஒண்ணுகூடத் தொலையல. ஒண்ணை ஞாபகம் வெச்சுக்கங்க. அந்தப் பதினஞ்சாயிரத்துல ஒருத்தருக்குக்கூட நாம தப்பான முடிவு கொடுத்ததில்ல!"

அதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். எங்கள் கையிலும் ஆளுக்கொரு துண்டு கேக் வந்தது. பெனினா தட்டைப் பிடித்தபடியே ப்ரூக்கிடம் போனாள்.

"கையாண்டாச்சுன்னு போட்டிருக்கீங்களே. முடிவு எங்க?"

"முடிவு எங்க வேலை இல்ல பெனினா. அது லேபோட வேலை. நாங்க ஒருங்கிணைக்கறோம்."

"எதை எதோட?"

ப்ரூக் திரையைப் பார்த்தாள். "எல்லாத்தையும்," என்றாள்.

"நாளைக்கு ஒருத்தன் அவங்கம்மாவை அடக்கம் பண்ணணும். எனக்காகச் சோதனை குடுத்தவன். அவனை ஒரு மணி நேரம் வெளியே விடுங்க."

"கண்டிப்பா! அதுக்குத்தான் விலக்குப் படிவம் வெச்சிருக்கோம்," என்று ப்ரூக் உற்சாகமாகக் கணினியில் அதைத் திறந்தாள். பெயர், முகவரி, இறந்தவரோடு உறவு. நான்காவது கட்டம்: நோயில்லை என்ற பரிசோதனை முடிவை இணைக்கவும்.

"முடிவு வராததாலதான் விலக்கு கேக்கறோம்."

"புரியுது. ஆனா விலக்குக்கு முடிவு வேணும்."

"முடிவு இருந்தா விலக்கு எதுக்கு?"

ப்ரூக் அந்த நான்காவது கட்டத்தையே பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. அந்தக் கேள்வியை அவள் முன்பே தனக்குள் கேட்டிருப்பாள் என்றுதான் அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பட்டது. "இதை நான் மேலே கொண்டுபோறேன்," என்றாள். அது மேல்மாடி. அதற்கு மேலே கூரைதான்.

ஆய்வுக்கூடம் நகரத்தின் மறுகோடியில் இருந்தது. எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் ஃபிஜிக்காரர் அனிலேஷ் அங்கேதான் வேலை செய்தார். கூப்பிட்டதும் பின்வாசலுக்கு வந்தார். கவசம் அழுத்திய கோடு மூக்கின் மேல் புண்ணாகியிருந்தது.

"பெனினா, உங்க சர்ச் பெட்டியா? உள்ள வராதீங்க, இங்கயே சொல்றேன்," என்று படியில் உட்கார்ந்தார். "பத்துப் பேரோட மாதிரியை ஒண்ணாக் கலந்து ஒரே தடவையில எந்திரத்துல போடுவோம். நோய் இல்லேன்னா பத்துப் பேரும் ஒரே அடியில முடிஞ்சுது. ஒருத்தருக்கு இருந்தாலும் பத்தையும் மறுபடி தனித்தனியாப் பாக்கணும். அவ்வளவுதான் விஷயம்."

"அப்ப ஒரு நாளைக்கு இருபதாயிரம்னு அவங்க சொன்னது?" என்று நான் கேட்டேன்.

"ஊர்ல ஒருத்தருக்கும் நோய் இல்லேன்னா முடியும். நோயே இல்லாத ஊருக்கு எங்க லேப் பிரமாதமா வேலை செய்யும், லெவி. நோய் இருந்தா அஞ்சாயிரம். இதை ஏழு கடிதமா எழுதிட்டேன். ஏழாவதுக்குப் பதில் வந்துச்சு. 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி'ன்னு."

"எங்களோடது வரிசையில எங்க இருக்கு?"

அனிலேஷ் கைகளைப் பார்த்துக்கொண்டார். "உங்களுக்குன்னு தனியா லேபிள் அடிச்சிருந்தாங்க இல்ல? அழகா, ஊதா கலர்ல, பூவெல்லாம் போட்டு? மையத்தோட சின்னம் பெருசா இருந்ததால பிறந்த தேதிக்கு இடம் விடல. தேதி இல்லாத குழாயை எந்திரம் எடுக்காது. அறுநூத்திப் பதினொண்ணையும் தனியா எடுத்து வெச்சோம். புது லேபிளுக்கு மையத்துக்கு எழுதினோம். சின்னத்தைச் சின்னதாக்க ஒரு குழு போட்டிருக்காங்களாம்."

"ஒண்ணே ஒண்ணு, அனிலேஷ். ஃபெரெட்டி. அவன் பொறந்த தேதி எனக்குத் தெரியும். கையால எழுதித் தரேன்."

"மாதிரிக்கு ஆயுசு அஞ்சு நாள், பெனினா. நேத்து சாயங்காலத்தோட முடிஞ்சுது." அவர் குரல் இறங்கிவிட்டது. "நான்தான் கொட்டினேன். எல்லாத்தையும். விதி அது."

கேக் துண்டு இருந்த காகிதத் தட்டு இன்னும் பெனினாவின் கையில்தான் இருந்தது. அதை அவர் பக்கத்தில் படியில் வைத்தாள். "சாப்பிடுங்க. சாப்பிட்டிருக்க மாட்டீங்க," என்றாள்.

வேனில் வரும்போது ப்ரூக்கைக் கைப்பேசியில் பிடித்தாள். மாதிரியே இல்லை என்றான பிறகு, சோதனையே கொடுக்காதவன் மாதிரிதானே அவன், வெளியே விடலாமே என்று கேட்டாள். ப்ரூக் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். "கொட்டினது மாதிரியைத்தானாம், பெனினா. அவர் சோதனை கொடுத்தாருங்கறதை யாரும் கொட்டலையாம். அது பதிவுல இருக்காம்."

ஃபெரெட்டியின் வீட்டுப் புல்வெளியில் நின்று அவளே அவனிடம் சொன்னாள். நான் வேனிலேயே இருந்தேன். சன்னலுக்குப் பின்னால் அவன் அடக்கத்துக்கான கறுப்புச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா சொன்னாங்க?"

"கொட்டிட்டாங்கடா."

"எதை?"

"உன்னோடதை. எல்லாரோடதையும். பாக்கவே இல்ல."

அவன் சட்டையின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். பெனினாவும் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாளைக்கு எந்தப் பாட்டு வெச்சிருக்க?" என்று மட்டும் கேட்டான்.

சனிக்கிழமை, வீட்டில் அடைபடாத பத்துப் பேர் போனோம். பெட்டியைத் தூக்க ஓர் ஆண் குறைந்தான். மூத்த மகன் தோள் கொடுக்க வேண்டிய இடத்தில் செமிசி தோள் கொடுத்தான். குச்சியைக் கண்டு வேலி தாண்டி ஓடிய அதே செமிசிதான். சோதனை கொடுக்காதவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெனினா பாடலைத் தொடங்கினாள். தெரேசியா கைப்பேசியைக் குழிக்கு மேலே நீட்டிப் பிடித்திருந்தாள். அதிலிருந்து ஃபெரெட்டி பாடினான். அந்தக் குரல் சபையில் எழுந்தால் தரைப்பலகையில் கால் அதிரும். அன்று அது தகர டப்பாவுக்குள் மாட்டிய ஈ மாதிரிக் கேட்டது. காற்று வீசியபோது அதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நேரத்தில், அறுநூற்றுப் பதினோரு கைப்பேசிகளுக்கும் ஒரே செய்தி வந்தது. 'உங்கள் மாதிரியைச் செயலாக்க இயலவில்லை. தயவுசெய்து மீண்டும் கொடுக்கவும். புதிய மாதிரி கொடுக்கும்வரை வீட்டிலேயே இருக்கவும். அன்புடன், மையம்.' கீழே பெனினாவின் படம், சிரித்தபடி.

ஒருவரும் மீண்டும் போகவில்லை. புதன்கிழமை தொலைக்காட்சியில் இயக்குநர் மெல்ரோஸ் வருத்தத்தோடு பேசினார். "சில சமூகங்கள்ல ஒரு தயக்கம் இருக்கு. அதை நாம மதிக்கணும். அதுக்குப் பண்பாட்டுக் காரணங்கள் இருக்கலாம். ஆராயறதுக்கு ஒரு குழு அமைச்சிருக்கோம்."

வியாழக்கிழமை ப்ரூக் மறுபடி வந்தாள். கையில் புதுச் சட்டை. இந்த முறை கருநீலம். 'மூத்த நம்பிக்கைத் தூதர்'.

"இன்னொரு முறை அவங்களைக் கேக்கணும், பெனினா. உங்களால முடியும்."

"கேக்கறேன்," என்றாள் பெனினா. "அதுக்கு முன்னாடி நீங்க என்கூட ஒரு இடத்துக்கு வரணும். நீங்க, உங்க இயக்குநர், யார் யார் அந்த மாடியில இருக்கீங்களோ எல்லாரும். இஃபோகா பண்ணணும்."

ப்ரூக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். "அது எப்படிச் செய்யறது?"

"ஒரு குடும்பத்துக்குத் தப்புப் பண்ணிட்டா, விடியறதுக்கு முன்னாடி அவங்க வீட்டு வாசல்ல போய் முட்டி போட்டு, தலைக்கு மேல நல்ல பாயைப் போத்திக்கிட்டுக் குனிஞ்சு இருக்கணும். அவங்க வெளிய வந்து பாயை எடுத்தா மன்னிச்சாச்சுன்னு அர்த்தம். எடுக்கலேன்னா இருக்க வேண்டியதுதான்."

"எவ்வளவு நேரம்?"

"அது நம்ம கையில இல்லியே."

மையம் அதை மிகுந்த மரியாதையோடு பரிசீலித்தது. பதினோரு நாளில் பதில் வந்தது. முட்டி போடுவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சட்டப் பிரிவு கருதுகிறது. நாற்காலியில் உட்காரத் தடையில்லை. குனிவதற்குப் பதிலாக இயக்குநர் ஒரு காணொளியில் தலையசைப்பார். பாயைத் தொற்றுநீக்கம் செய்ய வேண்டும். குடும்பம் மன்னிக்குமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் உறுதி செய்தால் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வசதியாக இருக்கும்.

பெனினா அதை இரண்டு முறை படித்துவிட்டு, நாளை விடியும் முன் தான் மட்டும் போவதாக ப்ரூக்குக்குச் செய்தி அனுப்பினாள். பிறகு படுக்கைக்கு அடியிலிருந்து எங்கள் கல்யாணத்துக்கு அவள் அம்மா சமோவாவிலிருந்து கொண்டுவந்த பாயை எடுத்தாள். துணி மாதிரி மெல்லிசாக, ஓரத்தில் சிவப்பு இறகுகள் வைத்துப் பின்னியது.

"நீ எதுக்கு?" என்றேன். "தப்புப் பண்ணினது அவங்க."

"அவங்க சொல்லியா அவன் வந்தான்?"

நானும் கிளம்பினேன்.

விடியும் முன் ஃபெரெட்டியின் வீட்டுப் புல்லில் இருவரும் முட்டி போட்டோம். புல் நனைந்திருந்தது. பாயை எங்கள் இரண்டு தலைகளுக்கும் மேலாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். உள்ளே அவளுடைய மூச்சும் என்னுடையதும் மட்டும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒரு கார் வந்து நின்றது. பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். ப்ரூக். வேலை உடையில் இல்லை. இரண்டு கைகளையும் சக்கரத்தில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு ஒருமுறை திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"யாரு?" என்றாள் பெனினா.

"யாரோ," என்றேன்.

எவ்வளவு நேரம் இருந்தோமோ தெரியாது. என் முட்டி மரத்துவிட்டது. வெளிச்சம் பாயின் இழைகளுக்குள் வர ஆரம்பித்தது. கதவுத் தாழ் திறந்தது. கனத்த காலடிகள் வந்து எங்கள் முன்னால் நின்றன. உடனே பாயை எடுக்கவில்லை. அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

"அக்கா," என்றான் ஃபெரெட்டி, பாய்க்கு வெளியிலிருந்து. "அம்மா கேட்டாங்களாம். தெரேசியா இப்பத்தான் சொல்றா. நான் போன்ல பேசினப்போ கண்ணைத் தொறந்து வாசலைப் பாத்தாங்களாம். நான் வந்துட்டேன்னு நெனச்சுட்டாங்கபோல. அதை என்கிட்ட சொல்லவே கூடாதுன்னு இருந்திருக்கா."

பெனினா அழுதாள். சத்தம் வராமல் இருக்கப் பாயின் ஓரத்தைக் கடித்துக்கொண்டாள்.

அவன் பாயை எடுத்தான். கவனமாக நான்காக மடித்து, மார்போடு வைத்துக்கொண்டான். பிறகு ஒரு கையால் அவளையும் இன்னொரு கையால் என்னையும் தூக்கி நிறுத்தினான். அவன் உடம்புக்கு அது பெரிய வேலை இல்லை.

"முடிஞ்சுதுக்கா. எந்திரி. உள்ள வாங்க, கோக்கோ போட்டிருக்கேன். அண்ணனுக்கு முட்டி போச்சு போல."

"முட்டி என்னைக்கோ போச்சு," என்றேன்.

திரும்பிப் பார்த்தபோது தெருவில் கார் இல்லை.

அந்தக் கருநீலச் சட்டையைப் பெனினா தபாலில் திருப்பி அனுப்பிவிட்டாள். மையம் அதைப் பெற்றுக்கொண்டதாக ஒரு மின்னஞ்சல் வந்தது, பெற்ற அனுபவத்தை ஐந்து நட்சத்திரத்துக்கு மதிப்பிடச் சொல்லி. ஊரில் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் மையத்தைக் கலைத்தார்கள். அதற்கொரு விழா நடந்ததாகவும், இயக்குநர் மெல்ரோஸ் இப்போது நகரத்தின் வெள்ளத் தடுப்பை ஒருங்கிணைப்பதாகவும் அனிலேஷ் சொன்னார்.

டிசம்பரில் பாடகர் குழு மறுபடி கூடியது. வெயில் நன்றாக இருந்ததால் சபைக்கு வெளியே மரத்தடியில் நின்றுதான் பாடினோம். கிறிஸ்துமஸ் பாட்டில் இரண்டு இடத்தில் மேல்குரல்காரர்கள் சறுக்கினார்கள். பெனினா அவர்களைத் திட்டினாள். அவர்கள் சிரித்தார்கள். ஃபெரெட்டி பாடும்போது புல்லுக்கு அடியில் மண் அதிர்வதாக எனக்குத் தோன்றியது. எல்லாம் பழையபடிதான் இருந்தது. நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தபோது பெனினா சத்தமாக அறிவித்தாள்.

"அடுத்த பயிற்சி வியாழன். ஏழு மணி."

"நிச்சயமாத்தானே அக்கா?" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள். கிண்டல் இல்லை. கோபமும் இல்லை. பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டு வர வேண்டும், தெரிந்துகொள்ளக் கேட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் பெனினாவிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஃபெரெட்டி கையிலிருந்த நாற்காலியோடு நின்றான்.

பெனினா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்," என்றாள்.